நேற்றைய விலை

ஓசூர் அலுவலகத்தில்
ஒரே மதியத்தில் முப்பது விவசாயிகளைச் செய்தோம்.
வயது, ஏக்கர், கடன், கைப்பேசியின் மாடல்
இவ்வளவும் கொடுத்தால் போதும், பேசத் தொடங்கிவிடுவார்கள்.
பதினொரு பேருக்கு முருகன் என்று பெயர் வைத்திருந்தது எந்திரம்.
யாரும் டீ கேட்கவில்லை.
யாருக்கும் பஸ்ஸுக்கு நேரமாகவில்லை.
தக்காளி விலை சொல்லும் எங்கள் செயலியை
எதற்குத் திறக்கிறீர்கள் என்றால்
சரியான நேரத்தில் சரியான முடிவெடுக்க என்றார்கள்,
முற்றுப்புள்ளியோடு.

ஒப்புக்கு ஒருநாள் நேரிலும் போய் வா என்று
ராயக்கோட்டைப் பக்கம் அனுப்பினார்கள்.

நசுங்கிய பழத்தில் செருப்பு வழுக்கியது.
வரப்போரம் குந்தி
கிரேடுக்குப் பழம் பிரித்துக்கொண்டிருந்த மாதேவம்மா
எதைக் காட்டினாலும்
"நல்லாத்தான் கீது மேடம்" என்றாள்.
செடிக்கறை ஏறி வெடித்த விரலைத்
திரை கண்டுகொள்ளவில்லை.
சுண்டுவிரல் முட்டியால் தட்டித் திறந்தாள்.
முப்பது பேரில் ஒருவருக்கும்
விரல் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அதைக் குறித்துக்கொண்டு எழும்போது
அவளாகக் கேட்டாள்:
"நேத்து வெல ஏன் ராத்திரியோட அழிஞ்சுபூடுது?"

நேற்று விலை எதுக்குங்க, இன்றைக்குத்தானே...

மண்டிக்குக் கிளம்ப நின்ற வண்டியில்
அவள் புருஷன் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தான்.
அந்தப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள்.
பணம் வீடு வந்து சேர மறுநாள் ஆகிவிடும்.
கிரேடு என்ன விலை போச்சு என்று தெரிந்தால்
வழியில் எவ்வளவு கரைந்தது என்று தெரியும்.
"சண்டைக்கு இல்ல. எனக்குத் தெரியணும், அவ்ளோதான்."
பிறகு என் நோட்டைப் பார்த்தாள்.
"இத எழுதிக்காத."

திங்கட்கிழமை அறிக்கையில் ஒரு வரி வைத்தேன்:
நேற்றைய விலையை அழிக்க வேண்டாம்.
கூட்டம் நடக்கும்போதே முப்பது பேரையும் கேட்டார்கள்.
இரண்டு நிமிடம் ஆகவில்லை.
தேவையில்லை என்றார்கள் முப்பது பேரும்.
பதினொரு முருகன்களும் கொஞ்சம் அவசரமாகவே
சொன்னதுபோல எனக்குப் பட்டது.

ஒருத்திக்காக ஒரு பொத்தானா என்றார் சுதீந்திரா.
காரணம் என்ன, அதையாவது எழுது.

காரணம் என்ற கட்டம் காலியாக மினுக்கியது.
'பயனர் சொல்ல விரும்பவில்லை' என்று அடித்து,
அழித்து,
'தெரியவில்லை' என்று அடித்தேன்.
கட்டம் சிவந்து
குறைந்தது ஐம்பது எழுத்து வேண்டும் என்றது.