வெட்டுக்கு விட்ட இடம்

அட்டைகள் பிஸ்கட் டப்பாவில் வந்தன.
காரைக்குடிப் பழைய சாமான் கடையில்
எடை போட்டு வாங்கியதாம்.
வரவேற்பறைச் சுவருக்கு ஆறு பெரிதாக,
விருந்தினருக்குக் கொடுக்க ஐநூறு.
"லேக் பளிச்சுன்னு தெரியணும்" என்றார்
ரிசார்ட் மேலாளர் ரெமிஜியஸ்.

லேக் இல்லை சார், உமையாண்டிக் கண்மாய்
என்று சொல்ல வாயெடுத்து
அட்டையைத் திருப்பினேன்.
1931லேயே லேக் என்றுதான் அச்சாகியிருக்கிறது.

வாத்துச் சுட வரும் துரைகளுக்காகக்
கரைமேல் பங்களா எடுத்த வயிரவன் செட்டியார்
படத்தைக் கப்பலேற்றி ஜெர்மனிக்கு அனுப்பினார்.
அங்கே எவனோ தண்ணீருக்கு நீலம் பூசினான்.
செம்மண் கரைந்து
பால் அதிகமான டீயாய்க் கிடக்கும் தண்ணீரை
அவன் எங்கே கண்டான்?

ஈப்போவுக்குப் போன அட்டை:
'நலம். மாசிக்குள் கணக்கை முடிக்கவும்.
படம் நமது பங்களா.'

1949:
'பினாங்குப் படகு இரண்டும் கரையில் கவிழ்ந்து கிடக்கின்றன.
கலுங்கு தட்டி மூன்று வருஷமாச்சு.
படத்தில் இடது ஓரம் நிற்பது யாரென்று
சீதை கேட்டாளாமே. எனக்கும் தெரியாது.
மடை திறக்கிற ஆளாய் இருக்கும்.'

அப்போதுதான் நானும் பார்த்தேன்.
இடுப்பளவு தண்ணீர். தலைத்துண்டு.
மடைக்கல்லைப் பிடித்த ஒரு கை.
முகத்தில் பாதிவரை அந்த நீலம் வழிந்திருக்கிறது.

1964இல் பங்களா லாட்ஜாகிவிட்டது.
அறை நாலு ரூபாய், வெந்நீர் தனி.
மதுரையிலிருந்து வந்த புதுப்பெண்
வானத்தின் மேலேயே எழுதியிருக்கிறாள்:
'கொசு, அம்மா. நீந்தச் சொல்லித்தருகிறேன் என்றார்.
அவருக்கே தெரியாது என்பது
நேற்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.'

கடைசி அட்டை 1983.
புதிதாக அச்சடிக்கவில்லை, அதே பழைய நீலம்.
'படத்தைப் பார்த்து ஏமாந்து கிளம்பி வராதே.
இப்போது இதில் மாடு மேய்கிறது.'

பின்பக்கங்களையும் மாட்டலாமா சார்?
"வேணாம். யாரு படிக்கப்போறா?
அந்த ஓரத்து ஆளையும் எடுத்துருங்க,
இடிக்குது."

ராத்திரி கம்ப்யூட்டரில் அவரைப் பெரிதாக்கினேன்.
பெரிதாக்கப் பெரிதாக்கப் புள்ளிகள்.
பிறகு புள்ளிகளுக்கு நடுவில்
வெறும் தாள்.

எடுக்கவில்லை. வைத்திருக்கவும் தைரியமில்லை,
பில் இன்னும் பாஸாகவில்லை.
வெட்டுக்கென்று ஓரத்தில்
மூன்று மில்லிமீட்டர் விடுவோம்;
அந்த இடத்துக்கு அவரை நகர்த்தினேன்.

எங்கள் பிரஸ் கத்தி பழசு.
ஒரு கட்டுக்கும் அடுத்த கட்டுக்கும் வித்தியாசப்படும்.
பெரும்பாலும் தண்ணீர் மட்டும்தான்.
சிலதில் விரல்கள்.
முப்பது, நாற்பது அட்டைகளில்
முழு ஆளாய் நிற்கிறார்,
கை மடைக்கல்லில்,
யார் கைக்கு எது போகும் என்று
எனக்கும் தெரியாது.