ஈற்றயல்

காவேரிப்பட்டணம் முனிரத்தினம்
மாங்கூழ் டப்பாவுக்கு லேபிள் அடிக்க வந்தார்.
சிகரெட் அட்டையின் பின்புறம் எழுதியிருந்தார்:
பெனல்டிமேட் மேங்கோ.
"அல்டிமேட்டுன்னு எல்லாரும் போட்டுட்டாங்க,
இது அதுக்கும் மேலம்மா."

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம்,
மாடிப்படிக்கு அடியில் என் கடை.
பத்திரம், பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி,
வந்ததை வந்தபடி அடித்துக் கொடுப்பேன்.
ஆனாலும் விரல் நின்றுவிட்டது.
"மேல இல்லைங்க, பக்கத்துல.
கடைசிக்கு ஒண்ணு முந்தி."

"ரெண்டாவதா?"
"முதல்லேர்ந்து எண்ணக் கூடாது. வால்லேர்ந்து எண்ணணும்.
அணைக்குப் போற டவுன் பஸ்ல
கூட்டமெல்லாம் அணையில இறங்கும்.
பால் சொசைட்டியில நான் ஒருத்தி.
என் ஸ்டாப்புதான் பெனல்டிமேட்.
வருஷத்துல மாசி."
"அப்போ தை?"
"அதுக்கு இன்னும் நீளமா ஒரு வார்த்தை இருக்கு,
உங்க லேபிள்ல அடங்காது."

சிரிக்கவில்லை. மானிட்டரையே பார்த்திருந்தார்.
"எங்க தோப்புல கடைசிப் பறிப்பு
ஆடி மழையைக் குடிச்சிடும், கொட்டைக்குள்ள வண்டு.
அதுக்கு முந்தின பறிப்புதான் கூழுக்கு.
சரியாத்தான் இருக்கு, அப்படியே அடிங்க."

ஓர் எழுத்தும் மாறாமல் ஐநூறு லேபிள்,
மஞ்சள் பின்னணி.

ஷட்டரைப் பாதி இறக்கும்போது
பி.ஏ. தமிழில் படித்த யாப்பு ஞாபகம் வந்தது.
நேரிசை ஆசிரியப்பா:
அடிதோறும் நாலு சீர்,
ஈற்றயலடியில் மட்டும் மூன்று.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
இரண்டு மார்க் கேள்வி.

இன்னொன்றும் முனிரத்தினத்திடம் சொல்லவில்லை.
நடக்கும்போது எதற்கும் அந்தப் பெயர் இருக்காது.
கடைசி என்று ஒன்று வந்து விழவேண்டும்,
அப்புறம்தான் திரும்பிப் பார்த்து
அதற்கு முந்தினதற்குப் பெயர் வைக்கிறோம்.

திம்மராயன் அண்ணன்
லாரியிலிருந்து கடைசியாகக் கூப்பிட்டபோது
யாருடைய கல்யாணப் பத்திரிகையிலோ
ஒற்றுப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன்,
எடுக்கவில்லை.
அதற்கு முந்தின அழைப்பு
ஒரு நிமிஷம் பன்னிரண்டு விநாடி.
தொப்பூர் இறங்குமுன் குடித்த டீ வாயில் வைக்க முடியலை என்றார்.
சார்ஜர் வயர் ஒன்று வாங்கி வை, நீளமாய், என்றார்.
சரி என்றேனா,
ம் என்றேனா,
விலை கேட்டேனா.
போன் நேரத்தை மட்டும் வைத்திருக்கிறது.

வயர் மேசை டிராயரில் இருக்கிறது.
இரண்டு மீட்டர். பிரிக்காத கவர்.
கடைக்கு வரும் பையன்கள் கேட்டால்
விற்பதற்கு இல்லை என்கிறேன்.

எட்டு இருபது வண்டியில் ஜன்னலோரம் கிடைத்தது.
பால்சொசைட்டி வந்ததும் ஒருத்தியாய் இறங்கினேன்.
பேருந்து போனது அணைக்கு
மீதிப் பேரோடு விளக்கை அணைத்தே.