அஸ்கமில் கௌளி பலன்

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் சமையலறைக்கு ஒரே ஒரு பல்லி,
டியூப்லைட் பட்டிக்குப் பின்னால் குடியிருப்பு.
அது கத்தினால் கோகிலம் அடுப்பைத் தணித்துவிட்டு
பஞ்சாங்கத்தின் பின்பக்கங்களைப் புரட்டுவாள்.
வீட்டை விற்கலாமா என்று கேட்டு வைத்திருந்தாள்.
பதினோரு நாளாக அது வாயைத் திறக்கவில்லை.

நானோ பல்லி எண்ணுகிறவர்களுக்கு வண்டி ஓட்டுகிறவன்.
நவம்பரில் கிளம்பினோம், தெம்பெகிலேயும் நானும்,
பின்சீட்டில் துணிப்பைகள், கண்ணாடிக் குப்பிகள், கட்டுக்கட்டாய்ப் படிவம்.
கல்லைப் புரட்டினால் முன்போலவே மூடிவைக்க வேண்டும்,
அதுதான் முதல் விதி என்றாள்.
ஒருத்தர் கூரையைக் கழற்றிவிட்டுத் திருப்பி மாட்டாமல் போகலாமா.

படிவத்தில் ஒரு கட்டம்: உள்ளூர்ப் பெயர்.
"உங்கள் மொழியில் இதற்கு என்ன?"
பல்லி என்றேன்.
அடுத்ததற்கு ஓணான். அப்புறம் அரணை, உடும்பு, பச்சோந்தி.
ஆறாவது வந்தபோது மறுபடி பல்லி என்றேன்.
அவள் எழுதாமல் பேனாவைப் பிடித்தபடி இருந்தாள்.
முந்நூறுக்குக் கிட்ட இருக்கிறதாம் இந்த நாட்டில்.
ஐந்து பாத்திரத்தோடு கல்யாணச் சமையலுக்கு
வந்தவன் மாதிரி நின்றேன்.

ஹாரிஸ்மித் புல்வெளியில், வளை வாசலில்,
உடம்பெல்லாம் முள்ளாக ஒன்று
சூரியனை நோக்கி முகத்தைத் தூக்கி அசையாமல் இருந்தது.
அப்பக்கத்து விவசாயிகள் அதைக் கிழட்டு ஜனம் என்கிறார்கள்.
மேற்கே ஒன்று எங்களைக் கண்டதும்
தன் வாலைத் தானே கவ்வி வளையல் ஆகிவிட்டது.
அருவிப் பாறையில் நீலத் தலை, ஆரஞ்சு முன்கால்,
சாரலுக்குள் துள்ளித் துள்ளி ஈ பிடிக்கிறது.
மணலில் காலே இல்லாமல் ஒன்று நெளிந்தபோது
பாம்பென்று நான் பானெட்மேல் ஏறிவிட்டேன்.
"இமைக்கிறது, பாருங்கள். பாம்புக்கு இமை ஏது?"
இறங்கினேன்.
ஒரு குட்டி, கறுப்பாய், முதுகைக் கூனிக்கொண்டு
அமிலம் பீய்ச்சும் வண்டைப்போல நடந்து போனது.
பெரிதானால் அந்த நடையை விட்டுவிடுமாம்.
எனக்கு அதைப் பார்த்து என்னவோ செய்தது.

பச்சோந்தியை மட்டும் தெம்பெகிலே கையால் தொடமாட்டாள்.
விலங்கியலில் பட்டம் வாங்கியவள், குச்சியை நீட்டுகிறாள்.
மனிதருக்குச் சாவில்லை என்று சொல்லத்தான் அதை அனுப்பினார்களாம்.
வழியில் பழம் தின்று நின்றுவிட்டது.
பின்னால் ஓடிவந்த பல்லி முந்திக்கொண்டு
சாவுண்டு என்று சொல்லிவிட்டது.
"அப்போ உங்களுக்கும் பல்லி பேசுமா?" என்றேன்.
"ஒரே ஒரு தடவை பேசிற்று," என்றாள். "அதுவே போதும்."

அஸ்கமுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.
பெட்ரோல் பங்கைத் தாண்டினால் செம்மணல் மேடு.
எஞ்சினை அணைத்தேன்.
டிக்டிக்டிக்.
தென்மேற்கு என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன், பழக்கதோஷம்.
உடனே வடக்கில் ஒன்று.
எனக்குப் பின்னால் ஒன்று. காலடியில் ஒன்று.
பிறகு மேடு முழுக்க,
கூழாங்கல்லை மூட்டையோடு அவிழ்த்துக் கொட்டினாற்போல்.
தெம்பெகிலே டார்ச் அடித்தாள்:
மணலில் ஒரு வட்ட ஓட்டை, அதன் வாசலில்
விரல் நீளத்துக்கு ஓர் ஆண், மஞ்சள் தொண்டை துடிக்கிறது.
எங்கேயோ ஒரு பெண்ணைக் கூப்பிடுகிறது.
என் பத்திரத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

ஃபோனில் ஒரு கோடு சிக்னல் இருந்தது.
கோகிலத்தைக் கூப்பிட்டு, ஃபோனை மேட்டுப் பக்கம் நீட்டினேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"எந்தத் திசை?"
"எல்லாத் திசையும்."
பக்கம் புரளும் சத்தம். இன்னொரு பக்கம்.
புத்தகத்தை மூடினாள் போலிருக்கிறது.
அப்புறம் கேட்டாள்:
"வீட்டை வித்துட்டா
நம்ம பல்லியை யார் பாத்துப்பா?"