பன்னிரண்டாம் நாள்

போன பட்டத்தில் கதிர்பட்ட நெல்லின் பிள்ளைகள்.
பார்வைக்கு எல்லாம் நெல்தான்.
அம்பாசமுத்திரத்துப் பண்ணையில், தட்டுக்கு நானூறு.
வெள்ளை நாற்றை எண்ணுவது என் வேலை.

பால்வெள்ளை இல்லை,
வடிகஞ்சியை வெயிலில் பிடித்தாற்போல.
பச்சை செய்யத் தெரியாத பயிர்.
விதைக்குள் கட்டிக்கொடுத்த சோறு தீரும்வரை
பக்கத்து நாற்றுக்குச் சமமாக நிற்கும்.
பன்னிரண்டாம் நாள் தலை சாயும்.
நோட்டில் பதினேழு என்று எழுதுவேன்.

ஆறாம் வரிசையில் ஒன்று குட்டை.
பிசானம் முற்றும் நேரத்து மழையில்
மற்றதெல்லாம் படுத்துக்கிடக்க
அது மட்டும் யாரோ கூப்பிட்டதுபோல நின்றது.
அதற்கு எண் கொடுத்தார்கள், துணிப்பை மாட்டினார்கள்.
எந்த அடி எங்கே விழும் என்று
கதிருக்கே தெரியாதாம்.

"முத்துவடிவு, முன்நெத்தி முடியில இந்த வெள்ளை
ஒங்க அப்பாவுக்கும் உண்டா?"
குட்டை நெல்லைப் பார்த்த அதே கண்ணால்
ஆபீசர் அம்மா கேட்டார்.
"இல்லம்மா. ஆத்தா வழியிலயும் கெடையாது.
எங்கிட்ட இருந்துதான்."

மகளுக்கும் அதே இடம், கொஞ்சம் அகலம்.
பள்ளிக்கூடம் போகையில்
வகிடு மாற்றி மறைக்கச் சொல்கிறாள்.
மாற்றித்தான் வாருகிறேன்.
சீப்பு அந்த இடத்துக்கு வந்ததும்
கை, பழக்கத்தில்,
எண்ணத் தொடங்கிவிடுகிறது.