பதினோராம் டோக்கன்

செவ்வாய்க்கிழமை. கர்ப்பிணிகள் நாள்.
பதினோராம் டோக்கன், மாதேஸ்வரி.
வயது இருபது, ஆறாம் மாதம், இரண்டாம் பேறு.
மூத்தது இன்னும் பால் மறக்கவில்லை,
இடுப்பில் தூங்குகிறது.

மோதிர விரலைத் துடைத்துக் குத்தினேன்.
வரவில்லை.
கூடை பிடித்துக் காய்த்த தோலில்
ஊசி ஒரு கணம் வழி கேட்டு நின்றது.
நடுவிரலில் இரண்டாம் முறை.
பிதுக்கிப் பிதுக்கிக் கடைசியில் ஒரு சொட்டு,
மூன்றாம் தண்ணி விட்ட
புளிக்கரைசல் மாதிரி.

கருவி சற்று யோசித்தது.
ஏழு புள்ளி இரண்டு.
அட்டையில் சிவப்பு மையால் எழுதினேன்.
இந்த அறையில் நன்றாகச் சிவந்தது
அந்த எழுத்து மட்டும்தான்.

"மாத்திரை சாப்பிடறயா?"
"சாப்பிடறண்ணா."
கேள்வி முடியும் முன்பே பதில்.
"வெளிக்கிப் போறது கறுப்பாப் போவுதா?"
சுவரைப் பார்த்தாள்.
சுவரில் முருங்கைக்கீரை, பேரீச்சை, ஆட்டு ஈரல்,
கொழுகொழுவென்று சிரிக்கும் ஒருத்தி.
"இல்லண்ணா."

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது.
மாத்திரை தின்றால் பிள்ளை கறுப்பாய்ப் பிறக்குமென்று
நாத்தனார் சொன்னது. வயிறு புரட்டுவது.
கீரை கடைந்த அன்று தன் முறை வரும்போது
சட்டியில் மத்து மட்டும் இருப்பது.
களி தின்ற கையோடு டீ,
இல்லாவிட்டால் மத்தியானம் வரைக்கும் கால் நிற்காது.
யாரும் இல்லாதபோது ஒரு பிடி பச்சரிசி,
ஒரு சிட்டிகை அடுப்புச் சாம்பல்.
புருசன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை.
செருப்பா? காட்டு வேலைக்கு எதுக்கண்ணா செருப்பு.

எழுதப் பார்த்தேன்.
அட்டையில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை.

"கூடை எங்க தூக்கறே?"
அப்போதுதான் முகத்தில் ஒரு வெளிச்சம்.
மாங்கூழ் கம்பெனி சீசன் முடிந்ததிலிருந்து
பர்கூர்ப் பக்கம், குன்றடியில்,
பழங்காலத்துக் குழி தோண்டுகிற இடத்தில்.
போன மாசம் ஒரு கத்தித்துண்டு கிடைத்ததாம்,
விரல் நீளம்.

"வெறும் துருதாண்ணா.
அதுக்குப் போயி வெயில் படாம குடை புடிச்சி,
பிரஷ்ல தொடச்சி,
பஞ்சுல சுத்தி, பொட்டியில வெச்சி,
கார்ல ஏத்திக்கிட்டுப் போனாங்க.
அத்தனை வருசத்து இரும்பாம்."

கீழிமையை இறக்கிப் பார்த்தேன்.
வெளுத்துக் காயப்போட்ட துணி.

"அன்னிக்கித்தான் எனக்குக் கிறுகிறுன்னு வந்துச்சி.
குழிக்குள்ளயே குந்திட்டேன்.
தள்ளிக் குந்தும்மா, ஓரம் சரியுதுன்னாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள்.
நான் பஞ்சைத் தேடினேன்,
கையிலேயே இருந்தது.

மூன்றாவது கட்டில்.
டாக்டரம்மா எழுதிய பாட்டில் தொங்குகிறது,
பால் விடாத டீயின் நிறத்தில்.
மூத்தது விழித்துக்கொண்டு குழாயை எட்டி இழுக்கிறது.

"இதுவுமா இரும்பு?"
"ஆமா."
"அதே துரு கலர்தான்."

சொட்டுகளை எண்ணத் தொடங்கினாள்.
நாற்பதுக்கு மேல் குழம்பி மறுபடி ஒன்று.
சக்கரத்தைத் திருப்பி வேகமா விடுங்கண்ணா என்கிறாள்,
நாலு மணிக்குப் பேர் கூப்பிடுவார்கள்,
ஆள் இல்லையென்றால் அடித்துவிடுவார்கள்.

வேகமாக விடக்கூடாது.

பன்னிரண்டாம் டோக்கனைக் கூப்பிட்டேன்.