பச்சைப் புள்ளி

கதான்ஸ்க் நகரில் ஏழாம் மாடி, ஓரறை வீடு.
இரவு டிராமை ஓட்டி முடித்து வரும் போகுமிலா
விளக்குப் போடுவதில்லை.
டிவியின் சிவப்பில் இடம் திரும்பி
ஸ்டீரியோவின் பொய் மணியைக் கடந்தால்
(எப்போதோ போன மின்சாரம், இன்னும் திருத்தாத 4:12)
பிரிண்டரின் நீலத்தருகே கட்டில்.

பில் வந்த அன்று
ஸ்மார்ட் பவர் ஸ்ட்ரிப் ஒன்று வாங்கினாள்.
டிவி அணைந்தால் கூட இருப்பதையெல்லாம் அதுவே அணைக்கும்.
அணைத்தது.

முதல் இரவே
மேசைக்காலில் சுண்டுவிரல்.
வாயில் வந்த வசவு
பக்கத்து வீட்டு நாயை எழுப்பியது.

தரையில் உட்கார்ந்து விரலை அமுக்கிக்கொண்டாள்.
இத்தனை நாளும்
வழிகாட்டத்தான் காசு வாங்கியிருக்கின்றன போல.

சுவரோரம்,
எல்லாரையும் தூங்கவைத்த ஸ்ட்ரிப் மட்டும்
ஒரு பச்சைக் கண்ணைத் திறந்து வைத்திருந்தது.
அதை வைத்துக்
கட்டிலைக் கணக்குப் போட்டாள்.