இருபத்தொன்றாம் பல்

மோஷொன்மொடியரோவாரில்
ரொட்டிக் கடைகளை எண்ணுவதற்குள்
பல் மருத்துவமனைகளை இருமுறை எண்ணிவிடலாம்.
எல்லை தாண்டி வியன்னாக்காரர்கள் வருகிறார்கள்,
பாதி விலையில் சிரிக்க.

நான் முகம் பார்ப்பதில்லை.
பின்னறையில், அட்டைப் பெட்டியில் வரும் வாய்களோடுதான் என் வேலை.
பிளாஸ்டரில் மேல்தாடை, கீழ்தாடை, கூடவே ஒரு சீட்டு:

வால்பிங்கர். டிராம் ஓட்டுநர், ஓய்வு.
முன்பல், இருபத்தொன்று. நிறம் ஏ-மூன்று.
கீழே பென்சிலில், வேறு கையெழுத்தில்:
ஓரத்தில் சில்லு போன இடத்தை
அப்படியே விடவும். விசிலடிக்க வேண்டும்.

சிர்கோனியா முதலில் சாக்பீஸ் மாதிரி.
நகம் பட்டால் கீறும்.
அந்த நிலையில்தான் குடைவோம்,
நாலில் ஒரு பங்கு பெரிதாக,
ஏதோ குதிரைக்குச் செய்வதுபோல.
அப்புறம் உலை, ஆயிரத்து ஐந்நூறு டிகிரி, ராத்திரி முழுக்க.
காலையில் மனித அளவுக்குச் சுருங்கிக் கிடக்கும்;
வைரத்தைத் தவிர எதற்கும் இணங்காது.

விசிலுக்கு அளவுகோல் இல்லை.
குத்துமதிப்பாக ஓரத்தை அராவினேன்.
உதட்டில் வைத்து ஊதியும் பார்த்தேன்,
காற்றுதான் வந்தது.

உள்ளே கொஞ்சம் இட்ரியம் கலந்திருக்கிறது.
சூட்டில் எடுத்த உருவத்தை
ஆறிய பிறகும் விடாமல் வைத்திருக்கிறது அது,
பல்லைக் கடித்துக்கொண்டு.
விரிசல் ஒன்று கிளம்பி வந்தால் மட்டும்
வழியில் நிற்கும் மணிகள் பிடியை விடும்,
வேறு உருவெடுக்கும், லேசாகப் பருக்கும்,
வந்ததன் வாயை நெருக்கி மூடும்.

ஒன்பது வருடம் கழித்து ஓர் உறை.
தகனசாலையில் சாம்பலோடு தந்தார்கள்,
உங்களுடையதா? – ஹெட்விக் வால்பிங்கர்.

அவர்கள் உலை ஆயிரத்தைத் தொட்டிருந்தாலே அதிகம்.
இது பிறந்த சூட்டுக்கு
அது ஓர் இளவெயில்.
மெருகு மட்டும் மங்கியிருந்தது.

லென்ஸின் கீழ் வைத்தேன்.
நான் அராவிய ஓரத்தில்தான் விரிசல் தொடங்கியிருந்தது,
தலைமுடியைவிட மெல்லியது.
என் கைத்தவறு.
அரை மில்லிமீட்டர் போய் நின்றிருந்தது.
அது என் கைவேலையல்ல.

பதில் எழுத எனக்கு ஜெர்மன் போதாது.
"ஆம், என்னுடையது. எமோகே" என்று எழுதி,
உறையை ஒட்டும் முன் ஒரு வரி சேர்த்தேன்:
விசில் வந்ததா?

இரண்டு வாரம் கழித்து ஓர் அஞ்சலட்டை:
வந்தது, முன்னைவிட மோசமாக.
எதிர்வீட்டு நாய் மட்டும்
கடைசிவரை திரும்பிப் பார்த்தது.